‘கடையை எடு’ என்பதற்கு முன்னால்

சென்னையில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனுக்களில் குப்பை, மழைநீர் வடிகால், தெருநாய் ஆகியவற்றோடு தவறாமல் வரும் கோரிக்கை ஒன்று உண்டு: நடைபாதைக் கடைகளை அகற்ற வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைபாதை நடப்பவர்களுக்கானது. வாடகையும் வரியும் கட்டிக் கடை நடத்துகிறவரின் வாசலிலேயே, எதுவும் கட்டாதவர் கடை விரிக்கிறார். மாற்று இடம் கட்டிக் கொடுத்தாலும் போக மறுக்கிறார்கள். உரிமம் கொடுத்தால் நாளைக்கு இன்னும் பத்துப் பேர் வந்து உட்காருவார்கள். சிங்கப்பூர் இதையெல்லாம் எப்படி ஒழுங்குபடுத்தியது, பாருங்கள்.

படித்தவர்கள், நல்லெண்ணம் உள்ளவர்கள், தெருவோரத்தில் பூவும் கீரையும் வாங்குகிறவர்களே இப்படிப் பேசுகிறார்கள். இந்தப் பேச்சு முழுவதும் ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, வியாபாரிகள் அதை மீறிக்கொண்டு மறுபக்கம் இருக்கிறார்கள், அதிகாரிகள் இரக்கத்தாலோ கையூட்டாலோ கண்டும் காணாமல் இருக்கிறார்கள் என்பது. உண்மை நிலவரம் இதற்கு நேர் எதிரானது.

தெருவோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்கவும் அவர்களுடைய தொழிலை ஒழுங்குபடுத்தவும் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவு சொல்வது இதுதான். ஒவ்வொரு நகரமும் ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது தன் தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். வார்டு, மண்டலம் அல்லது நகரத்தின் மக்கள்தொகையில் இரண்டரை விழுக்காடு என்ற வரம்புக்குள், கணக்கில் வந்த எல்லோருக்கும் இடம் தர வேண்டும். அந்தக் கணக்கெடுப்பு முடிந்து அனைவருக்கும் விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை யாரையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது. சட்டத்தின் பிற பிரிவுகளின்படி, சான்றிதழ் பெற்றவரை நகர்த்த வேண்டுமானால் முப்பது நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பறிமுதல் செய்யும் பொருளுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகும் சரக்கை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாட்களுக்குள். வேறு சட்டங்கள் இதோடு முரண்பட்டால் இதுவே மேலோங்கும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்போது வழக்கமான ஒரு காலை நேர நடவடிக்கையை நினைத்துப் பாருங்கள். லாரி வருகிறது. ‘கடையை எடு’ என்று சத்தம். தார்ப்பாயும் தராசும் எடைக்கற்களும் லாரியில் ஏறுகின்றன. தக்காளிக் கூடை கவிழ்கிறது. பட்டியல் யாரும் எழுதுவதில்லை, முன்னறிவிப்பும் கிடையாது. அந்த இடத்தில் சட்டத்தை மீறியவர் யார்? கூடைக்காரம்மா மீறியதாக நாம் நினைக்கிறோம். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் மீறல் லாரியில் வந்திருக்கிறது.

சட்டம் வருவதற்கு முன்பும் அவர்கள் உரிமையற்றவர்களாக இருக்கவில்லை. 1989-இல் சோதன் சிங் வழக்கில், தெருவோரத்தில் வியாபாரம் செய்வது அரசமைப்பின் 19-ஆவது பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்ன இடத்தில்தான் உட்காருவேன் என்று கேட்கும் உரிமை இல்லை, நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. 2010-இல் கைந்தா ராம் வழக்கில், இந்த உரிமையை இனியும் வெறும் கொள்கை அறிக்கைகளிடம் விட்டுவைக்க முடியாது, சட்டம் இயற்றுங்கள் என்று அரசுக்குக் கெடு வைத்தது. அகமதாபாத்தின் சேவா அமைப்பும் நாடெங்கும் உள்ள வியாபாரிகள் சங்கங்களும் பல ஆண்டுகள் போராடி வாங்கிய சட்டம் இது. வாங்கிய பிறகு அதைத் தூங்கவிட்டது நகரங்கள்.

எப்படித் தூங்கவிட்டார்கள் என்பதற்குச் சென்னையின் கணக்கே போதும். விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 67 லட்சம். இரண்டரை விழுக்காடு என்றால் 1.67 லட்சம் பேர். இது உச்சவரம்பு, அத்தனை பேரையும் தேடிப்பிடித்துச் சேர்க்க வேண்டும் என்று பொருளில்லை. ஆனால் மாநகராட்சியின் கணக்கில் ஏறியவர்கள் ஒரு லட்சத்தைக்கூடத் தொட்டதில்லை. கணக்கெடுப்பு நடந்த அன்று காய்ச்சலில் படுத்திருந்தவர், மாலையில் மட்டும் பஜ்ஜிக் கடை போடுகிறவர், தெருத் தெருவாகக் கூடை சுமக்கிறவர், கோடையில் நுங்கு வெட்டுகிறவர், ஆடி முடிந்ததும் பிள்ளையார் குடை விற்க வருகிறவர் எல்லாம் எளிதில் விடுபட்டுப் போவார்கள். அட்டை கிடைத்தவர்களிலும் பலருக்கு அது வெறும் அடையாள அட்டை. எந்தத் தெருவில், எந்த அளவு இடத்தில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று இடத்தைக் குறித்துக் கொடுக்கும்போதுதான் அது காப்பாற்றும்.

எழுத்தில் அனுமதி இல்லாத இடத்தில் வாய்மொழி அனுமதி விலைக்கு வருகிறது. மாமூல் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போவது அந்த விலையைத்தான். தெருவோர வியாபாரி எதுவும் கட்டுவதில்லை என்கிறவர்கள் அவரிடம் ஒரு நாள் மாலை உட்கார்ந்து வரவு செலவு கேட்கட்டும். காலையில் 900 ரூபாய் கையில் வாங்கி இரவுக்குள் 1,000 திருப்பித் தரும் தண்டல், சரக்கு இறக்கும் கூலி, ராத்திரி வண்டி நிறுத்த வாடகை, விளக்குக்குப் பக்கத்துக் கடைக்காரரிடம் வாங்கும் மின்சாரம், அதற்கு மேல் சீருடையிலும் சீருடை இல்லாமலும் வந்து கைநீட்டுகிறவர்கள். இதில் எதற்கும் ரசீது கிடையாது, ஒரு பைசாவும் மாநகராட்சியின் கருவூலத்துக்குப் போவதில்லை. விற்பனைச் சான்றிதழ் தந்து மாதக் கட்டணம் வாங்குங்கள் என்று சட்டமே சொல்கிறது. வியாபாரிகள் சங்கங்களும் அதைத்தான் கேட்கின்றன. வரி கட்டாதவர்கள் என்ற குற்றச்சாட்டின் இன்னொரு பாதியும் நிற்காது. ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே உள்ள கட்டடக் கடைக்காரருக்கும் ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. பச்சைக் காய்கறிக்கும் பச்சை மீனுக்கும் அந்த வரியே இல்லை.

அரசு நினைத்தால் இவர்களை அடையாளம் காண முடியும் என்பதையும் நாம் கண்ணாரப் பார்த்திருக்கிறோம். கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2020 ஜூனில் பிரதமரின் ஸ்வநிதி கடன் திட்டம் வந்தது. தொடக்க ஆண்டுகளில் முதல் கடன் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 20,000, பிறகு 50,000. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களுக்குக்கூட உள்ளாட்சி ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுத்தால் போதும் என்று விதி வைத்தார்கள். ஆண்டுக்கணக்காக முடியாமல் கிடந்த அடையாளம் காணும் வேலை, கடன் இலக்கை எட்ட வேண்டும் என்றதும் வேகம் எடுத்தது. 2021 மே மாதத்தின் தளர்வில்லா ஊரடங்கில் காய்கறியை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்ததும் அனுமதிச் சீட்டு ஒட்டிய வண்டிகள்தாம். நமக்குத் தேவைப்பட்டபோது சீட்டு உடனே கிடைத்தது. அவர்களுக்குத் தேவைப்படும்போதுதான் கணக்கெடுப்பு முடியவில்லை, கோப்பு நகரவில்லை, குழு கூடவில்லை என்கிறோம்.

நடைபாதை விஷயத்துக்கு வருகிறேன். இங்கே எதிர்த்தரப்பின் வாதத்தில் உயிர் இருக்கிறது, அதை ஒதுக்கித் தள்ள மாட்டேன். கோலூன்றி நடக்கும் பார்வையற்றவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு ஓடும் தாய் ஆகியோர் சாலையில் இறங்கி நடக்க நேர்வது கொடுமை. நடப்பதற்குத் தடையற்ற 1.8 மீட்டர் அகலமாவது வேண்டும் என்று இந்திய சாலைப் பேரவையின் வழிகாட்டி நெறி சொல்கிறது. அந்த அகலத்தில் யார் குறுக்கே நின்றாலும் நகர வேண்டியதுதான்.

ஆனால் அந்த 1.8 மீட்டரைத் தின்றவர்கள் யார் என்று உங்கள் தெருவில் ஒரு முறை நடந்து பாருங்கள். மின்மாற்றி, மின்வாரியப் பெட்டி, இணையக் கம்பிகளின் சுருள், வீட்டுக்குள் கார் ஏற்றுவதற்காகக் கட்டிய சாய்தளம், கட்டடக் கடைக்காரர் வெளியே இழுத்து வைத்த பொம்மைகளும் விளம்பரப் பலகையும், வரிசையாக நிற்கும் இருசக்கர வாகனங்கள். இவற்றுக்கு நடுவேதான் கீரைக்காரம்மாவின் கோணி. ஒரு கார் நிறுத்துவதற்கு ஐந்து மீட்டருக்கு இரண்டரை மீட்டர் இடம் ஒதுக்குகிறோம். அதே பரப்பில் ஆறடிக்கு நாலடியான தள்ளுவண்டிகள் ஐந்து நிற்கும். ஐந்து குடும்பங்கள் சாப்பிடும் இடத்தை நாள் முழுக்க ஓர் ஆளில்லாத கார் எடுத்துக்கொள்கிறது. அதை நலச் சங்க மனுக்கள் பிரச்சினையாகவே பார்ப்பதில்லை.

நடப்பவர்களுக்காகவும் மிதிவண்டிக்காரர்களுக்காகவும் 2014-இலேயே ஒரு போக்குவரத்துக் கொள்கையை ஏற்றுக்கொண்ட மாநகராட்சி சென்னை. அகலமான நடைபாதை போடும் சாலைகளில் நடக்கும் பட்டை, மரமும் விளக்கும் விற்பனையும் இருக்கும் பட்டை என்று கோடு போட்டுப் பிரிப்பது பொறியாளர்களுக்குத் தெரியாத வித்தையில்லை. கோடு போட்டுவிட்டால் நடப்பவரும் விற்பவரும் எதிரிகளாக இருக்கத் தேவையில்லை. சாயங்காலம் கடை இருக்கும் நடைபாதையில் வெளிச்சமும் ஆளும் இருப்பதால்தான் எத்தனையோ பெண்கள் பயமில்லாமல் நடக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

சரி, கட்டடம் கட்டி உள்ளே அனுப்பிவிடலாமே என்கிறார்கள். இந்த யோசனைக்குச் சென்னையில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பிராட்வேயின் நெரிசல் மிகுந்த போப்ஹாம் சந்தையிலிருந்த வியாபாரிகளுக்காக, மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டியதுதான் மூர் மார்க்கெட். 1900-இல் திறந்தார்கள். நாம் இன்றும் ஏக்கத்தோடு பேசும் அந்தச் சந்தை செழித்தது சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஆயிரக்கணக்கானோர் கடந்துபோகும் வழியில் அது இருந்ததால். 1985-இல் அது எரிந்து போனது. அந்த மனையில் ரயில்வே கட்டடம் எழுந்தது. வியாபாரிகளைக் கொஞ்சம் தள்ளி அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பினார்கள். இடைவெளி நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் பழைய மூர் மார்க்கெட்டின் கூட்டம் அங்கே திரும்பி வரவில்லை.

பாண்டி பஜாரில் 2013-இல் இதையே மறுபடி செய்தார்கள். தியாகராய சாலை நடைபாதையில் இருந்தவர்களைப் பல மாடி வணிக வளாகத்துக்குள் அனுப்பினார்கள். மேல்தளங்களில் இருந்தவர்கள் போணிகூட ஆகவில்லை என்று புலம்பினார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்றது நகரம். ஹேர்பின் வாங்குவதற்காக யார் மாடி ஏறுவார்கள்? தெருவோர வியாபாரம் என்பது போகிற வழியில் கண்ணில் பட்டு வாங்குவது. அலுவலகம் விட்டு வருகிறவர் பேருந்து நிறுத்தத்தில் கொய்யா வாங்குவார். கொய்யாவுக்காக இரண்டாம் மாடிக்குப் போக மாட்டார்.

கொத்தவால்சாவடியைக் கோயம்பேட்டுக்கு 1996-இல் மாற்ற முடிந்ததே என்று உடனே கேட்பார்கள். அது மொத்த வியாபாரம். வாங்குகிறவர் விடியற்காலையில் வண்டி எடுத்துக்கொண்டு தேடி வருவார். சந்தை எங்கே போனாலும் பின்னால் போவார். சில்லறை வியாபாரம் ஆள் நடமாட்டத்தைப் பின்தொடர்வது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு போடுகிற திட்டங்கள் எல்லாம் பூட்டிய ஷட்டர்களில் போய் முடிகின்றன. கட்டடத்துக்குச் செலவழித்த பணமும் போய், விற்கிறவர்கள் மறுபடி தெருவுக்கு வந்து, மறுபடி லாரி வருகிறது.

சிங்கப்பூரை எடுத்துக்காட்டுகிறவர்கள் அந்தக் கதையை முழுவதும் சொல்வதில்லை. அங்கே 1968–69-இல் முதலில் நடந்தது தீவு முழுவதுமான பதிவு. ஏறத்தாழ 18,000 தெருவோர வியாபாரிகளுக்குத் தற்காலிக உரிமம் கொடுத்தார்கள். அதன்பிறகு 1971 முதல் 1986 வரை, குடியிருப்புகளுக்குக் கீழேயும் பக்கத்திலும், மக்கள் இறங்கி நடந்து வரும் இடங்களில், தண்ணீர், கழிவுநீர், மின்சாரத்தோடு உணவு மையங்களைக் கட்டிக் குறைந்த வாடகைக்குக் கொடுத்தார்கள். அங்குள்ள தேக்கா மையத்தில் நம்மவர்கள் தோசையும் மீன் குழம்பும் சாப்பிடுவது அந்த முயற்சியின் தொடர்ச்சியில்தான். 2020-இல் அந்த உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பதிவு முதலில், உரிமம் அடுத்து, இடம் கடைசியில் என்பது அவர்கள் போன வரிசை. நாம் அப்புறப்படுத்துவதில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறோம். பிறகு சிங்கப்பூர் ஆகவில்லையே என்று வருந்துகிறோம்.

மெரினாவில் நடந்ததை மறக்கக் கூடாது. கடற்கரைக்கு ஒரே மாதிரியான 900 வண்டிக்கடைகள் போதும் என்று முடிவாகி, யாருக்கு என்பதைக் குலுக்கல் போட்டார்கள். இருபது ஆண்டுகளாக அதே மணலில் சுண்டல் விற்றவரின் பிழைப்பு ஒரு சீட்டில் எழுதிய பெயராகிவிட்டது. கணக்கெடுப்பில் வந்தவர் எல்லோருக்கும் இடம் என்று சொல்லும் சட்டம் இருக்கும் நாட்டில் குலுக்கலுக்கு இடமே இருந்திருக்கக் கூடாது.

பட்டினப்பாக்கம் லூப் சாலையில் நடந்தது இன்னும் அதிகமாக வலிக்கிறது. நொச்சிக்குப்பத்துப் பெண்கள் தங்கள் வீட்டு ஆண்கள் கரைக்குக் கொண்டு வரும் மீனைக் கரையோரத்திலேயே விற்கிறவர்கள். சாலைதான் குப்பங்களுக்கு நடுவே பின்னால் வந்தது. 2023-இல் போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுக்க, கடைகளை அகற்றும் வேலை தொடங்கியது. மீனவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். பிறகு அங்கேயே சந்தை கட்டி 2024-இல் திறந்தார்கள். கரைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தது நல்ல முடிவு. அதை முதலில் பேசி முடித்துவிட்டுக் கடைகளைத் தொட்டிருந்தால், அந்தப் பெண்கள் மீன்கூடையோடு சாலையில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. விற்பவரும் வாங்குபவரும் காலங்காலமாகக் கூடும் இடத்தை இயல்பான சந்தை என்கிறது சட்டம். அதை விற்பனைத் தடைப் பகுதியாக அறிவிக்கவே முடியாது. ஐம்பது ஆண்டுக்கு மேல் நடக்கும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும் என்றும் அதன் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. நவராத்திரிக்குக் கொலு பொம்மை பரப்பும் மயிலாப்பூர் மாடவீதி அந்தத் தகுதிக்குத் தயங்காமல் சொல்லக்கூடிய ஓர் இடம்.

உரிமம் கொடுத்தால் கூட்டம் பெருகும் என்ற பயத்துக்கும் சட்டத்திலேயே விடை இருக்கிறது. இரண்டரை விழுக்காடு என்பது வரம்பு. நெரிசல் என்ற காரணத்தைச் சொல்லி ஒரு பகுதியைத் தடைப் பகுதியாக்க முடியாது. ஆனால் அந்தப் பகுதியில் புதியவர்களுக்குச் சான்றிதழ் தருவதை நிறுத்திக்கொள்ளலாம். சான்றிதழை வாடகைக்கு விடவோ கைமாற்றவோ முடியாது. இறந்தால் அல்லது நிரந்தரமாக உடல் முடங்கினால் குடும்பத்தாருக்குப் போகும். ஒருவர் பத்து வண்டி வைத்து ஆள்போட்டு நடத்துவது சில இடங்களில் உண்மைதான். அதைப் பிடிப்பதற்கான கருவியும் பெயரும் இடமும் எழுதிய பகிரங்கப் பட்டியல்தான். சான்றிதழ் இல்லாத இன்றைய நிலையில் பத்து வண்டிக்காரருக்கும் ஒற்றைக் கூடைக்காரிக்கும் நகரத்தின் கண்ணில் வித்தியாசமே இல்லை. மாமூல் கொடுக்க முடிகிற முன்னவர்தான் நிலைத்து நிற்கிறார்.

விதிகளைப் புதுப்பிக்க வேண்டும் என்று எல்லாத் தரப்பும் சொல்கிறது. புதுப்பிப்பது என்றால் கட்டுப்பாட்டைக் கூட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணிப்பில் முதலில் மாற வேண்டியது கணக்கெடுக்கும் முறை. ஐந்தாண்டுக்கு ஒரு முறை பகலில் வந்து ஆளில்லாவிட்டால் போய்விடும் கணக்கெடுப்பு போதாது. வார்டு அலுவலகத்தில் ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்க வழி வேண்டும். சங்கத்தாரும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் தரும் சாட்சியத்தை ஏற்க வேண்டும். நிலையான கடை, நகரும் கடை என்ற இரண்டு வகை சட்டத்தில் இருக்கிறது, பிற வகைகளுக்கும் இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் இரவுக் கடையையும் பருவக் கடையையும் சேர்க்கலாம். காலையில் இட்லி விற்பவரும் மாலையில் பூ விற்பவரும் ஒரே இடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்த அனுமதிக்கலாம். சுத்தம் கேட்பவர்கள் தண்ணீர்க் குழாயையும் குப்பைத் தொட்டியையும் விற்பனை மண்டலத்திலேயே கேட்க வேண்டும். வியாபாரிகளை மட்டுமே காரணமாகச் சொல்ல முடியாத, உள்ளாட்சியின் நடவடிக்கையால் தீர்க்கக்கூடிய சுகாதாரக் குறையைக் காட்டி ஓர் இடத்தைத் தடைப் பகுதியாக்க முடியாது என்பதும் சட்டத்தின் வாசகம்தான். பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். காலை ஐந்து மணிக்கு வந்து இரவு ஒன்பதுக்குப் போகிற பூக்காரம்மா எங்கே போவார் என்று நம் திட்டங்கள் கேட்டுக்கொண்டதே இல்லை. பறிமுதல் பட்டியல் தராத ஊழியருக்குத் தண்டனை வேண்டும். இன்று அபராதம் வியாபாரிக்கு மட்டும்தான், 2,000 ரூபாய் வரை.

ரங்கநாதன் தெரு போன்ற ஒடுங்கிய சந்துகளில் எல்லோருக்கும் இடம் இருக்காது. அங்கே சிலர் நகர வேண்டியிருக்கும் என்பதை நான் ஏற்கிறேன். யார், எங்கே, எத்தனை தூரம் என்பதை முடிவு செய்ய ஓர் இடம் இருக்கிறது: ஆணையர் தலைமையிலான நகர விற்பனைக் குழு. அதன் உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாதவர்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் வியாபாரிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். போக்குவரத்துக் காவலர், திட்டக் குழுமம், வணிகர் சங்கம், வங்கி ஆகியோரும் அதில் உண்டு. குடியிருப்போர் நலச் சங்கத்துக்கும் அங்கே ஒரு நாற்காலியைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. மனு எழுதும் நண்பர்களே, அந்தக் குழு உங்கள் நகரத்தில் முறையாகக் கூடுகிறதா, கூட்டக் குறிப்பு வெளியாகிறதா என்று முதலில் கேளுங்கள். கூடினால் போய் உட்காருங்கள். உங்கள் தெருவின் வரைபடத்தை விரித்து, சக்கர நாற்காலி போக இவ்வளவு அகலம் வேண்டும் என்று, அந்தத் தெருவில் கடை போட்டிருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவர் எந்த மூலைக்குத் தள்ளிப் போக முடியும் என்பதை அவரிடமே கேளுங்கள்.